வெற்றிலை வைக்காத மீட்பு

கண்ணு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்தவரை நீ உள்ளே கூப்பிட்டிருக்க மாட்டாய். கடிதத்தையும் பொட்டலத்தையும் கையில் வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்திருப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு இது கூடவா தெரியாது. சரி, அவர் வாசலில் நிற்கட்டும். பதினொரு வருஷமாக நின்றவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பது பெரிதில்லை. நீ இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். படித்து முடிக்கும் முன்பு அந்தத் தரகரிடம் ஒரு காலணா கூடக் கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமை பணம் கட்டுவதாக எழுதியிருக்கிறாய். இன்று வெள்ளிக்கிழமை, நடுவில் இருப்பது இரண்டு நாள். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டுமே என்று அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். வந்தவர் என் தம்பிதான், உன் தாய்மாமன்தான். ஆனாலும் இந்தக் கடிதம் முழுக்க அவரை மரியாதையாகத்தான் எழுதப்போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உன் கடிதம் புதன்கிழமை காலையில் வந்தது. ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். நம் மிளகுக் காட்டை, இதே மலையில் பக்கத்தில் இருக்கும் பெரக்கரை நாட்டுக்காரருக்கு விற்று நான் அனுப்பிய ஆயிரத்து நூற்று இருபது ரூபாயை என்ன செய்யப்போகிறாய் என்று விவரமாக எழுதியிருந்தாய். அடுத்த மாதம் பம்பாய்க்கு மாற்றலாகிப் போகிறாய். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் அடிவாரத்தில் ஒரு வீடு கட்ட வேண்டும். அதுவரை பணம் பத்திரமாகவும் இருக்க வேண்டும், பெருகவும் வேண்டும். அதற்கு உன் தரகர் வழி சொல்லியிருக்கிறார். ஒரு பெரிய ஊர் முனிசிபாலிட்டி தண்ணீர்க் குழாய் போடுவதற்காக எப்போதோ வாங்கிய கடனுக்குக் கொடுத்த பத்திரங்கள் அவர் கையில் இருக்கின்றன. நூறு ரூபாய்த் தாள், வருஷத்துக்கு ஆறு ரூபாய் வட்டி. விலை நூற்றுப் பன்னிரண்டு. பத்துத் தாள் வாங்கிக்கொண்டால் மூன்றே வருஷத்தில் தவணை முடிந்து அசல் கைக்கு வந்துவிடும். நீ எழுதியபடியே சொல்கிறேன்: ‘நூற்றுக்கு ஆறு அம்மா, இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்.’ அந்த இடத்தில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

நூற்றுக்கு ஆறு என்றால், நீ நூறா கொடுக்கிறாய்? இதை இங்கிலீஷ் கணக்காகப் பார்க்காதே. நம் ஊர் ஒத்தியாகப் பார். நிலத்துக்காரன் ஒருத்தன் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நிலத்தை ஒத்திக்கு விடுகிறான். பணம் கொடுத்தவன் விளைச்சலை அனுபவிக்கிறான். தவணை முடிந்ததும் நிலத்துக்காரன் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்கிறான். முனிசிபாலிட்டித் தாளும் இதேதான். ஊர் தன்னையே உன்னிடம் ஒத்திக்கு வைத்திருக்கிறது, வட்டிதான் அதன் விளைச்சல். இப்போது ஒத்திக்குப் பிடித்தவன் அந்த ஒத்தியை உனக்கு நூற்றுப் பன்னிரண்டுக்குக் கைமாற்றுகிறான் என்று வைத்துக்கொள். மீட்கும் நாளில் நிலத்துக்காரன் என்ன கொடுப்பான்? பத்திரத்தில் எழுதிய நூறுதான் கொடுப்பான். நீ நடுவில் எவனுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்பதைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? ஆலத்தூர் நாட்டில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட இது தெரியும். தாள் இங்கிலீஷில் இருப்பதால் உனக்கு மறந்துவிட்டது.

இனி எண்ணிப் பார். ஒரு தாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு போடுகிறாய். மூன்று வருஷத்தில் வட்டி பதினெட்டு வருகிறது, கடைசியில் அசல் நூறு வருகிறது. ஆக மொத்தம் நூற்றுப் பதினெட்டு. போட்டது போக மிச்சம் ஆறு. உன் தரகர் ஒரு வருஷத்துக்குச் சொன்ன ஆறு, மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத்தான் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு ரூபாய், அதுவும் நூற்றுப் பன்னிரண்டு போட்டதற்கு. அதற்குத் தபாலாபீசிலேயே போட்டுவிட்டு நீ நிம்மதியாகப் பம்பாய் போகலாம். அதே தரகரிடம் வேறொரு முனிசிபாலிட்டியின் நாலு ரூபாய் வட்டித் தாள் கிடப்பதாகவும், அதுவும் மூன்று வருஷத்தில் முடிவதாகவும், அதை யாரும் சீண்டாததால் தொண்ணூற்று நாலுக்கே விற்பதாகவும் கிண்டலாக எழுதியிருந்தாய். கிண்டலை வைத்துவிட்டு அதையும் எண்ணு. வட்டி பன்னிரண்டு, அசல் நூறு, ஆக நூற்றுப் பன்னிரண்டு. போட்டது தொண்ணூற்று நாலு. மிச்சம் பதினெட்டு, வருஷத்துக்கு ஆறு. ஆறு என்று எழுதிய தாள் இரண்டு கொடுக்கிறது, நாலு என்று எழுதிய தாள் ஆறு கொடுக்கிறது. தாளில் அச்சடித்தது ஒன்று, உன் கைக்கு வருவது ஒன்று. எவ்வளவு கொடுத்து வாங்கினாய், எத்தனை நாளில் முடிகிறது என்ற இரண்டும் தெரியாமல் வட்டியை மட்டும் கேட்பது, மாப்பிள்ளையின் சட்டையை மட்டும் பார்த்துப் பெண் கொடுப்பது மாதிரி.

உடனே ஓடிப்போய் அந்த நாலு ரூபாய்த் தாளை வாங்கிவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். மலிவாகக் கிடப்பதற்குக் காரணம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். சில சமயம் காரணத்தில் குற்றம் இருக்காது. புதிதாகக் கடன் வாங்குகிற ஊர்கள் ஐந்தும் ஐந்தரையும் கொடுக்கும்போது, பழைய நாலு ரூபாய்த் தாளை எவன் முழு நூறு கொடுத்து வாங்குவான்? அப்போது விலை தானாக இறங்கும், விலை இறங்கினால் வாங்குகிறவனுக்குக் கிடைப்பது ஏறும். வட்டி குறைந்த காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். ஆனால் சில சமயம் அந்த ஊரே நொடித்துப்போயிருக்கும். ஊர் நொடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, தண்ணீர் வரியை ஜனங்கள் கட்டுகிறார்களா, வரி கேட்டு வருகிறவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். வரி வசூலாகாத ஊர் உனக்கு எதிலிருந்து வட்டி கொடுக்கும்? வாசலில் நிற்கிறவருக்கு இதெல்லாம் பார்த்துப் பழக்கம்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ நினைப்பாய். பட்டுத் தெரிந்துகொண்டேன் கண்ணு. என்னால் நீயும் பட்டாய். உனக்கு இன்று வரைக்கும் அது தெரியாது.

நீ ஏழு வயதுப் பையனாக இருந்தபோது மிளகு நல்ல விலை போனது. அடிவாரத்து மண்டிக்கார பாய்தான் நம் மிளகை எடுப்பார். உன் மாமன் அவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உன் அப்பா கேட்டதற்கு, பாய், தானும் பணத்தை இப்படித்தான் போட்டு வைப்பதாகச் சொல்லி, மலைக்குக் கீழே இருக்கும் ஊர் ஒன்றின் முனிசிபாலிட்டித் தாள் ஐந்து வாங்கிக் கொடுத்தார். நூறு ரூபாய்த் தாள், ஐந்து வட்டி, இருபது வருஷத் தவணை. விலை நூற்று ஆறு. ‘ஆறு ரூவா சாஸ்தி குடுக்கறோம், ஆனா இருவது வருசம் ஓடுறதுனால அது தெரியாது’ என்று பாய் சொன்னார். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார். பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, முனிசிபாலிட்டி நினைத்தால் தவணைக்கு முன்பே கெஜட்டில் அறிவித்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம் என்றார். உன் அப்பா தலையாட்டினார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மீட்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம்.

நம் ஊரில் ஒத்தியை மீட்க வருகிறவன் வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வர வேண்டும். ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் பார்க்க அதை நம் முன்னால் வைக்க வேண்டும். நாம் அந்த வெற்றிலையை எடுத்தால்தான் மீட்பு. எடுக்கிற வரைக்கும் நிலம் நம்முடையது, அதில் விளைகிற ஒவ்வொரு மணியும் நம்முடையது. இது நான் பிறந்தது முதல் பார்த்த நியாயம். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தாள் வாங்கிய இரண்டாம் வருஷம் உன் அப்பா அடிவாரத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அசலு பொண்ணு கல்யாணத்துக்கு, வட்டி பையன் படிப்புக்கு. மாத்திப் போட்டுறாத’ என்றார். அதற்குப் பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உன் மாமன் மேலே ஏறி வருவார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அச்சடித்திருக்கும் வட்டிச் சீட்டுகளில் ஒன்றைக் கத்தரித்துக் கொடுப்பேன். கொண்டுபோய்ப் பன்னிரண்டரை ரூபாயை வாங்கி வந்து என் கையில் வைப்பார். பஸ் சத்தம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். கீழே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது நீ அவர் வீட்டில்தான் இருந்தாய், அவர் வீட்டில்தான் சாப்பிட்டாய். அந்தச் சோற்றுக்கு நான் ஒரு படி சாமை கூடக் கொடுத்தனுப்பியதில்லை.

தாள் வாங்கி ஆறு வருஷம் வரைக்கும் இப்படிப் போனது. ஒரு நாள் சீட்டுக் கத்தரிக்கிற மாதம் இல்லாதபோது உன் மாமன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“அக்கா, கெஜட்டுல போட்டுட்டாங்க. வர்ற மாசத்தோட நம்ம தாளுக்கு வட்டி நின்னு போவுது. அஞ்சு தாளையும் குடுங்க, நான் போயி அசலை வாங்கியாறேனுங்க.”

“எனக்கு யாரு வந்து சொன்னாங்க?”

“அவங்க வந்து சொல்ல மாட்டாங்க அக்கா. பேப்பருல போட்டாச் சொன்ன மாதிரிதானுங்க. பாயே தாளைக் குடுத்துட்டாரு.”

“எவன் வெத்தலை வெச்சான்?”

“முனிசிபாலிட்டிக்காரன் எங்கீங்க அக்கா வெத்தலை வெக்கப்போறான்?”

“வெக்காட்டி மீட்பு இல்ல. தாளு எங்கிட்டயே இருக்கட்டும். நீ போ.”

அவர் கெஞ்சினார். அடுத்த வாரமும் வந்தார். இரண்டாவது தடவை வந்தபோது எனக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. இவ்வளவு நாள் சீட்டை மட்டும் கேட்டவர் இப்போது ஏன் முழுத் தாளையும் கேட்கிறார் என்று யோசித்தேன். புருஷன் இல்லாதவள், எழுத்துத் தெரியாதவள், ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்துவிட்டாரோ என்று யோசித்தேன். கூடப் பிறந்தவரைச் சோற்றுக்கு நம்பினேன், தாளுக்கு நம்பவில்லை. மூன்றாம் தடவை வந்தவரிடம், இனி தாள் பேச்சை எடுத்துக்கொண்டு இந்த வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். லீவுக்கு வந்திருந்த நீயும் அப்போது வீட்டில் இருந்தாய். ‘உன் மாமனுக்கு நம்ம தாளு மேல கண்ணு’ என்று உன் காதில் முதலில் போட்டவள் நான்தான்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்தத் தாள்களை மூங்கில் குழாயில் போட்டு வைத்திருந்தேன். சீட்டு ஒன்றையும் கத்தரிக்கவில்லை. வெற்றிலை வைக்காத ஒத்தியின் விளைச்சல் எங்கே போய்விடும், சேர்ந்துகொண்டு இருக்கும் என்று நினைத்தேன். வருஷத்துக்கு இருபத்தைந்து, ஐந்து வருஷத்துக்கு நூற்று இருபத்தைந்து என்று விரல் விட்டு எண்ணிச் சந்தோஷப்பட்டேன். உன் படிப்புக்கான பணம் அது. நீ எஸ்.எஸ்.எல்.சி. தேறிக் காலேஜுக்குப் போகிறேன் என்று நின்ற அதே வருஷம் உன் அக்காவுக்கும் கல்யாணம் கூடியது. தாள்களை எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் முனிசிபல் ஆபீசுக்கு நானே போனேன்.

குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இது அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சே. இத்தனை நாளா எங்க இருந்தீங்க?”

“ஊட்டுலதான் இருந்தனுங்க. நீங்க யாரும் வல்லீங்களே.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். மீட்ட தேதிக்குப் பிறகு உள்ள வட்டிச் சீட்டுகள் செல்லாது, அசலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்நூற்று முப்பது கொடுத்து வாங்கிய தாளுக்கு ஐந்நூறு கொடுத்தார். இருபது வருஷம் ஓடும் என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுத்த முப்பது ரூபாய் ஆறே வருஷத்தில் போய்விட்டது. வருஷம் இருபத்தைந்து வாங்கினோம் என்று நினைத்திருந்தோமே, முப்பதை ஆறால் வகுத்துக் கழித்தால் உண்மையில் கிடைத்தது இருபதுதான். விலை கூடக் கொடுத்து வாங்கியவனுக்கு முன்கூட்டி மீட்பது நஷ்டம். உன் தரகரின் தாளுக்குப் பின்னால் அந்தப் பொடி எழுத்து வரி இருக்கிறதா என்று பார்த்தாயா? இருந்தால் உன் இரண்டு ரூபாயும் நிச்சயமில்லை. அன்று கெஜட்டில் போட்டதுமே நான் அந்த ஐந்நூறை வாங்கி வேறு எங்காவது போட்டிருந்தால் நீ காலேஜுக்குப் போயிருப்பாய்.

அந்த ஐந்நூறும் உன் அக்காவின் கல்யாணத்துக்குப் போனது. நீ வந்து, “அம்மா, என் படிப்புக் காசு எங்க?” என்று கேட்டாய். நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். வெற்றிலைக்காகக் காத்திருந்து உன் படிப்பைத் தொலைத்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அதனால் உன் முகத்தைப் பார்க்காமல், “உன் மாமனைப் போயிக் கேளு” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை வக்காலத்து வாங்கியிருக்கிறேன். அது பொய்தான் கண்ணு. திருட்டுப் பட்டம் கட்டத்தான் அப்படிச் சொன்னேன்.

நீ போய்க் கேட்டாய், அதுவும் சந்தை நாளில் கேட்டாய். மண்டி வாசலில் நாலு நாட்டுக்காரரும் நிற்கும்போது, எங்கப்பன் காசைத் தின்ன திருடன் என்று உன் மாமனைச் சொன்னாய். உனக்குப் பின்னாலேயே நானும் ஓடி வந்திருந்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வாயைத் திற என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் திறந்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டிக்குள் போய்விட்டார். பாய் உன்னை அடிக்கக் கை ஓங்கினார், “உடுங்க பாய், சின்னப் பையன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நீ அதற்கும் சேர்த்து அவரைத் திட்டினாய். அதற்குப் பிறகு உன் கல்யாணத்துக்குக்கூட அவரை அழைக்கவில்லை. தாய்மாமன் இல்லாமல் நடந்த கல்யாணம். ஊர் கேட்டது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்பது வயதுக்கு மேல் நான் எழுத்துக் கற்றுக்கொண்டதை நீ எவ்வளவு பெருமையாக எல்லாரிடமும் சொல்வாய். பாரஸ்டு கார்டின் சம்சாரம் சொல்லிக் கொடுத்தாள். சாமி புஸ்தகம் படிக்கத்தான் என்று உன்னிடம் சொன்னேன். அது காரணம் இல்லை. இன்னொரு தடவை ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாமல் நிற்கக் கூடாது என்றுதான் கற்றேன். கூட்டல் கழித்தலையும் அதற்காகத்தான் படித்தேன். எழுத்து வந்த பிறகு உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் மழை பற்றியும் மிளகு பற்றியும் எழுதி முடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை உன் கடிதத்தைப் படித்துக் கணக்குப் போட்டபோது எனக்கு ஆறும் இரண்டும் குழம்பியது. நான் போட்டது சரிதானா என்று கேட்க ஆள் வேண்டும். இந்த மலையில் யாரைக் கேட்பேன்? இரண்டு நாள் தயங்கிவிட்டு, இன்று காலையில் பேசாமல் கீழே இறங்கினேன். இறங்குகிற வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனேன். மண்டியில் உன் மாமன் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். முடி பூராவும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தராசை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“வாங்கக்கா. தண்ணி குடிங்க.”

பதினொரு வருஷம் கழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. நான் தண்ணீரைக் குடிக்காமல் உன் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். சாக்பீசை எடுத்து மண்டிப் பலகையில் எழுதினார். நான் போட்ட கணக்குத்தான் வந்தது.

“நூத்திப் பன்னண்டு போட்டு மூணு வருசத்துல நூத்திப் பதினெட்டு. இதுக்குப் போயி மெளகுக் காட்டை வித்தீங்களாக்கா?”

“அவன் திங்கக்கெழமை பணத்தைக் கட்டீருவான். தபாலு போயிச் சேருமா?”

“சேராதுங்க. நானே போறேன்.”

“உன்னைய உள்ளார உட மாட்டான்.”

“வாசல்லயே நிக்கறேனுங்க. கடுதாசியை மட்டும் வாங்கிக்கிட்டாச் சரி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய்க் கடைவீதியில் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்து, பாயின் மகன் பார்க்க, அவர் முன்னால் வைத்தேன். என்ன நடந்தது என்பதை முழுவதும் சொன்னேன். அவர் வெற்றிலையைப் பார்த்தார், எடுக்கவில்லை.

“தெரியுமுங்க அக்கா.”

“தெரிஞ்சும் ஏன்டா வாயைத் தொறக்கல?”

“பையன் என்னைய வெறுத்தாப் பொழைச்சுக்குவான். அப்பனும் இல்லாம உங்களையும் வெறுத்தா எங்க போவான்?”

“இப்ப இதை எடு சாமி. என் மனசு ஆறட்டும்.”

“நீங்க வெச்சு நான் எடுத்தாச் செல்லாதுங்கக்கா. என்னையத் திருடன்னு சொன்னது நீங்க இல்லையே.”

அவர் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கணக்கு இருக்கிற பக்கத்தை அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். மற்ற பக்கங்களை அவர் பார்க்கவில்லை. பணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. எந்தத் தாளை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதை அவரைக் கூட வைத்துக்கொண்டு முடிவு செய். அவர் சொல்கிற ஊருக்கு அவரோடு போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார். நான் செய்ததை நினைத்து என்னை நீ வெறுத்தால் வெறுத்துக்கொள். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் ஓட்டினேன், இனி பயப்பட எனக்கு வயது இல்லை. ஆனால் கடிதத்தோடு ஒரு பொட்டலம் கொடுத்திருப்பார் இல்லையா, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாட்டுப்பழம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார். அவர் எடுக்காத அதே வெற்றிலைதான், வாடாமல் இருக்க வாழை இலையில் ஈரத்தோடு சுற்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்.

எழுந்து போ, கண்ணு. உன் மாமன் வெயிலில் நிற்கிறார்.

அம்மா